எந்தச் சக்கரம் இழுக்குதுன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க!

கண்ணுகளா, கார் வாங்கப் போறப்ப நீங்க கேக்கற கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். மைலேஜ் எவ்வளவு, மேல கண்ணாடி திறக்குமா, திரை எவ்வளவு பெருசு, தவணை மாசம் எவ்வளவு. இத்தனையும் கேட்டுட்டு ஒண்ணை மட்டும் விட்டுடறீங்க. எஞ்சின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகுது? முன்சக்கரத்துக்கா, பின்சக்கரத்துக்கா, நாலுக்குமா?

ஆட்டையாம்பட்டியில இருந்து சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் போற ரோடு சமவெளி. அதுல எந்த வண்டியும் ஓடும். ஆனா நம்ம பக்கத்து வாழ்க்கை சமவெளியோட முடியறதில்லையே. ஒரு பக்கம் ஏற்காடு, இன்னொரு பக்கம் கொல்லிமலை. நடுவுல மழை பெஞ்சா வழுக்கற தோட்டத்து இட்டேரி. மாவு மூட்டை, எண்ணெய் டின், நூல் மூட்டைன்னு எப்பவும் ஏதாவது ஒரு பாரம். அதுலயும் முறுக்குக்கு ஆர்டர் குவியற தீபாவளியும், வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணாத்தான் வரும். பாரமும் ஈரமும் ஒரே நேரத்துல சேர்ற ஊரு இது. வண்டியை இதுக்குப் பொருத்தமா எடுக்க வேண்டாமா?

நேரமில்லாதவங்க இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்குங்க: பாரம் எங்க உட்காருதோ, அங்க இருக்கற சக்கரம் இழுக்கணும். மத்ததெல்லாம் இதோட விளக்கம்தான்.

1. எந்த வண்டி எந்த வகைன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க

- முன்சக்கரம் இழுக்கறது: ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ, எர்டிகா, ஐ20, க்ரெட்டா, டியாகோ, ட்ரைபர். நம்ம ரோட்டுல ஓடற கார்ல பெரும்பகுதி இதுதான். டீசல் ஹாரியர், இப்ப வர்ற சஃபாரி பாக்க எவ்வளவு பெருசா இருந்தாலும் அதுவும் முன்சக்கரம்தான்.
- பின்சக்கரம் தள்றது: ஈக்கோ, பொலேரோ, இன்னோவா க்ரிஸ்டா, டாடா ஏஸ், பிக்கப் வண்டி, நாமக்கல் லாரி எல்லாம். அந்தக் காலத்து அம்பாசடரும் பத்மினியும் ஆம்னியும்கூட இதே வகை.
- நாலு சக்கரமும் வேலை செய்யறது: ஜிம்னி, ஃபோர் பை ஃபோர் தார். தார்லயே பின்சக்கரம் மட்டும் இழுக்கற மாடலும் 2023-ல இருந்து விக்குது. பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, எந்த மாடல்னு கேளுங்க.

பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள மாறியிருக்கும். 2005-ல வந்த இன்னோவா பின்சக்கர வண்டி. 2022-ல அறிமுகமான இன்னோவா ஹைக்ராஸ் முன்சக்கர வண்டி. "இன்னோவாதானே, மலைக்கு நல்லா ஏறும்"னு பழைய நினைப்புல முடிவு பண்ணக்கூடாது.

2. முன்சக்கர வண்டியைக் குறைச்சுப் பேசாதீங்க

"முன்சக்கரம்னா சின்ன வண்டி, சக்தி இல்லாத வண்டி"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அதை நம்பாதீங்க. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப அதோட எஞ்சின் வெறும் 796 சி.சி. அம்பாசடர் எஞ்சினோ அதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனாலும் சின்ன வண்டி துள்ளிக்கிட்டு ஓடுச்சு. எடை குறைவுங்கறது முக்கியமான காரணம். எடை குறைஞ்சதுல முன்சக்கர அமைப்புக்கும் பங்கு உண்டு.

- எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில் எல்லாம் முன்னாடியே முடிஞ்சுடும். பின்னாடி வரைக்கும் ஓடற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் பின் டிஃபரென்ஷியலும் தேவையில்லை. இரும்பு மிச்சம், எடை மிச்சம், பெட்ரோல் மிச்சம்.
- குறுக்கா வெச்ச எஞ்சின்ல சக்தி நேரா சக்கரத்துக்குப் போகும். பின்சக்கர வண்டியில எஞ்சின் பெரும்பாலும் நீளவாட்டத்துல இருக்கும். அங்க பின்னாடி கிரவுன் பினியன்ல சக்தி ஒரு தடவை பக்கவாட்டுல திரும்பணும். திரும்பற இடத்துல கொஞ்சம் வீணாகும்.
- நடுவுல மேடு கிடையாது. பின்சீட்டுல மூணாவது ஆள் காலை மடக்கிக்கிட்டு உட்கார வேண்டியதில்லை.
- ஆள் குறைவா இருக்கறப்ப, வண்டி எடையில சுமார் 60 சதவீதம் முன்சக்கரத்து மேலயே இருக்கும். இழுக்கற சக்கரத்து மேலயே எடை இருக்கறதால ஈர ரோட்டுல கிளம்பறப்ப பிடிப்பு நல்லா இருக்கும்.

உலகத்துக்கே இந்தப் பாடத்தைச் சொன்னது ரெண்டு வண்டி. 1934-ல சிட்ரன் கம்பெனி கொண்டுவந்த டிராக்‌ஷன் அவான்ட் ஒண்ணு, 1959-ல இங்கிலாந்துல வந்த மினி இன்னொண்ணு. குட்டி மினி, பனியும் மலையுமா இருக்கற மான்டி கார்லோ ராலியில 1964, 1965, 1967-னு மூணு தடவை ஜெயிச்சுது. முன்சக்கர வண்டிக்கு மலை ஏறத் தெரியாதுன்னு இனிமே யாராவது சொன்னா இதை எடுத்துச் சொல்லுங்க.

3. ஆனா அதோட பலவீனத்தையும் தெரிஞ்சு ஓட்டுங்க

முறுக்கு சுத்தறவங்களே அடுப்பையும் பாத்தா என்ன ஆகும்? ரெண்டுல ஒண்ணு கெடும். முன்சக்கர வண்டியில முன் டயருக்கு அதே கதிதான். இழுக்கறதும் அதுதான், திரும்பறதும் அதுதான், பிரேக் போட்டா அதிக பாரம் தாங்கறதும் அதுதான். டயரோட பிடிப்புக்கு ஒரு அளவு உண்டு. ஒரு வேலைக்கே முழுசையும் செலவு பண்ணிட்டா அடுத்த வேலைக்கு மிச்சம் இருக்காது.

- வளைவுல வேகமா நுழைஞ்சு ஆக்சிலரேட்டரையும் மிதிச்சா, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராவே வெளிப்பக்கம் போகப் பாக்கும். பயத்துல இன்னும் திருப்பாதீங்க. காலை மெதுவா எடுங்க. வேகம் குறைஞ்சதும் டயர் மறுபடி பிடிக்கும்.
- சக்தி அதிகமான முன்சக்கர வண்டியில திடீர்னு மிதிச்சா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும். ரெண்டு பக்க ஆக்சிலும் ஒரே நீளம் இல்லாத வண்டியில இது கூடுதலாத் தெரியும். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங்னு இருந்தா என்கிட்ட திட்டு வாங்குவீங்க.

பின்சக்கர வண்டியில வேலை பிரிஞ்சிருக்கு. முன்னாடி திரும்பும், பின்னாடி தள்ளும். ஸ்டியரிங் லேசா, சுத்தமா இருக்கும். ஆனா காலி வண்டியை மழையில ஓட்டினா ஆபத்து பின்னாடி இருக்கு. காலி பிக்கப்போட பின்பக்கம் எடையே இல்லாம கிடக்கும். ஈர ரோட்டுல வளைவுல மிதிச்சா வால் வீசும். வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெல்ல எடுக்கணும். பிரேக்கை அடிச்சு மிதிச்சா வண்டி சுத்திடும். லோடு இறக்கிட்டுத் திரும்பறப்பதான் கவனம் கூடுதலா வேணும். "லோடு இல்லையே"ன்னு விரட்டறது பெரிய தப்பு.

4. பாரக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க

இது தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் புரிஞ்சுடும். 1,000 கிலோ எடையுள்ள முன்சக்கர வண்டி. காலியா இருக்கறப்ப முன்னாடி 600, பின்னாடி 400. முன்சீட்டுல ரெண்டு பேர், பின்சீட்டுல மூணு பேர், டிக்கியில 100 கிலோ சாமான் ஏத்துங்க. மொத்தம் 1,430 கிலோ ஆகும். ஆனா முன்சக்கரத்து மேல வர்றது 685 கிலோதான். அதாவது 60 சதவீதமா இருந்தது 48 ஆயிடுச்சு.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். டிக்கியில வெச்ச 100 கிலோ முன்சக்கரத்துக்கு ஒரு கிலோகூட உதவாது. டிக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால இருக்கறதால, அந்தப் பாரம் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கத்தான் செய்யும். எட்டடிக்கு ஓரடி உயர்ற மலை ரோட்டுல இன்னொரு 40 கிலோ பின்னாடி சாயும். முன்பங்கு 45 சதவீதத்துக்கு வந்துடும். ஏத்தத்தால மாறறதைவிட நீங்க ஏத்தற ஆளாலயும் சாமானாலயும் மாறறதுதான் அதிகம். பழியை மலை மேல போடாதீங்க.

இதுக்கு நான் சொல்ற குறுக்கு வழி:

- எண்ணெய் டின், அரிசிச் சிப்பம் மாதிரி கனமானதை டிக்கி ஓரத்துல வைக்காதீங்க. பின்சீட்டு காலியா இருந்தா, முன்சீட்டுக்குப் பின்னாடி கால் வைக்கற இடத்துல இறக்கி வைங்க. பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னாடி வந்துட்டா முன்சக்கரத்துக்கும் பங்கு போகும். பிரேக் போட்டாலும் பறந்து வராது.
- டிக்கியிலதான் வைக்கணும்னா, சீட்டு முதுகை ஒட்டி, தரையோட தரையா வைங்க. லேசானது மேல, கடைசியில.
- வண்டிக் கூரை மேல கனமானதைக் கட்டாதீங்க. வளைவுல சாயும்.

பின்சக்கர வண்டியில இதே பாரம் உதவியா மாறுது. ஏத்த ஏத்த தள்ற சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். லாரியெல்லாம் ஏன் பின்சக்கரத்துல ஓடுதுன்னு இப்பப் புரியுதா?

5. உங்க தொழிலுக்கு எதுன்னு நான் சொல்றேன்

- முறுக்கு டெலிவரி மட்டும்: முறுக்கு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. சீட்டை மடக்கற வசதியுள்ள முன்சக்கர வண்டியே போதும். மைலேஜ் மிச்சமாகும். "லோடு வண்டிதான் வேணும்"னு தேவையில்லாம பெருசா எடுக்காதீங்க.
- மாவு, எண்ணெய், நூல், பாவு ஏத்தறவங்க: ஈக்கோ, ஏஸ் மாதிரி பின்சக்கர வண்டி. டிசையர் டிக்கியில தினமும் சிப்பம் சிப்பமா திணிச்சா பின் ஸ்பிரிங்கும் போகும், வண்டிப் பிடிப்பும் போகும்.
- சேலம், ஈரோடு, சென்னைன்னு குடும்பத்தோட போறவங்க: முன்சக்கரம்தான். நாலுவழிச் சாலையில நேரா நிதானமா ஓடும், செலவு குறைவு.
- வாரா வாரம் மலைக்கு ஏழு பேரோட வாடகை ஓட்டறவங்க: க்ரிஸ்டா, பொலேரோ மாதிரி பின்சக்கர வண்டிக்கு அர்த்தம் இருக்கு.
- வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஏற்காடு போறவங்க: அதுக்காகத் தனியா எதுவும் வேண்டாம். இருக்கற வண்டியில நல்ல டயரைப் போடுங்க.

6. மலை ஏறப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி அடிவாரத்துல இருந்து கொல்லிமலைக்கு 70. காய்ஞ்ச தார் ரோட்டுல முழு ஆளோட ஒரு நல்ல முன்சக்கர வண்டி ரெண்டையும் சிரமமில்லாம ஏறும். வழுக்கல் எப்ப வரும்னா, ஈரமும் சருகும் சரளையும் இருக்கற வளைவுல நின்னு கிளம்பறப்ப.

- வளைவுக்குள்ள போனப்புறம் கியர் மாத்தாதீங்க. முன்னாடியே ரெண்டாவதோ முதலோ போட்டுட்டு நுழைங்க. நடுவுல க்ளட்ச் மிதிச்சா வேகம் செத்துடும். நின்னுட்டா மறுபடி கிளம்பறதுலதான் சக்கரம் சுத்தும்.
- வளைவுல உள்பக்கச் சக்கரத்து மேல எடை குறையும். டிஃபரென்ஷியல் லேசான சக்கரத்தையே சுத்த விடும். கீச்சுனு சத்தம் கேட்டா இன்னும் மிதிக்காதீங்க. பாதியா குறைங்க. சுத்தற டயரைவிட உருள்ற டயருக்குத்தான் பிடிப்பு அதிகம்.
- முன்வண்டியை ஒட்டிப் போகாதீங்க. அது நின்னா நீங்களும் வளைவு நடுவுல நிக்கணும். அது வளைவைத் தாண்டட்டும், அப்புறம் நீங்க ஏறுங்க.
- ஏத்தத்துல கிளம்பறப்ப ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, க்ளட்ச் கடிச்சதும் விடுங்க. க்ளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. அந்தக் கருகல் வாசனை உங்க பணம் எரியற வாசனை.

7. இறங்கறப்ப எல்லா வண்டியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்

"ஃபோர் வீல் வண்டி, பிரேக் நல்லா பிடிக்கும்"னு நினைச்சு இறங்கறவங்களைப் பாத்தா எனக்குக் கோவமே வரும். பிரேக் எல்லா கார்லயும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கு. நாலு சக்கரமும் இழுக்கறது கிளம்ப உதவும், நிறுத்த உதவாது.

- ஏறின கியர்லயே இறங்குங்க. நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு சொல்லாதீங்க. பிரேக் சூடாகி பிடிக்காம போயிடும்.
- முன்சக்கர வண்டியில எஞ்சின் பிடிமானம் முன்சக்கரத்துல வரும். இறக்கத்துல எடையும் முன்னாடிதான் சாயும். அதனால இறங்கறப்ப இது நிதானமான வண்டி.
- பின்சக்கர வண்டியில ஈர இறக்கத்துல படார்னு கியர் குறைக்காதீங்க. பின்சக்கரம் இழுபட்டு வால் திரும்பும். வேகத்தை பிரேக்குல குறைச்சுட்டு அப்புறம் கியரைக் குறைங்க.
- குறுகலான மலை ரோட்டுல ஏறற வண்டிக்கு இறங்கறவங்க நின்னு வழி விடணும். இது சாலை விதி. ஏறற வண்டி நின்னா என்ன கஷ்டம்னு இப்பத்தான் மேல படிச்சீங்க.

8. இட்டேரியில மாட்டிக்கிட்டா

- சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் நிறுத்துங்க. சுத்தச் சுத்தக் குழிதான் ஆழமாகும்.
- ரெண்டாவது கியர், மெதுவான மிதி. முன்சக்கர வண்டின்னா ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசா ஆட்டிக்கிட்டே கிளம்புங்க. டயர் ஓரம் கெட்டி மண்ணைத் தேடிப் பிடிக்கும்.
- இழுக்கற சக்கரத்துக்கு அடியில சாக்கோ தென்னை மட்டையோ போடுங்க. எந்தச் சக்கரம் இழுக்குதுன்னே தெரியாம பின்னாடி போட்டுட்டு முன்சக்கரத்தைச் சுத்த விடறவங்க எத்தனை பேரு! சாக்கு போட்டதும் பின்னாடி ஆள் நிக்கக்கூடாது. கல்லும் சாக்கும் பறந்து அடிக்கும்.
- பின்சக்கர வண்டின்னா பின் ஆக்சிலுக்கு மேல ரெண்டு மூட்டை ஏத்துங்க. ஒரு சக்கரம் மட்டும் சுத்தினா ஹேண்ட் பிரேக்கை ரெண்டு பல் இழுத்துப் பிடிச்சு மெல்லக் கிளம்புங்க. சுத்தற சக்கரம் கொஞ்சம் அடங்கும், அடுத்ததுக்குச் சக்தி போகும். முன்சக்கர வண்டியில இது பலிக்காது.
- சொந்தத் தோட்டத்து வழுக்கு மேட்டுல முன்சக்கர வண்டி ஏறலைன்னா, திருப்பி ரிவர்ஸ்ல ஏத்திப் பாருங்க. இழுக்கற சக்கரம் கீழ்ப்பக்கம் வந்துடறதால எடை அது மேல சாயும். பொது ரோட்டுல இதைச் செய்யக்கூடாது.

9. ஃபோர் வீல் ஆசையை அளந்து வெச்சுக்குங்க

கரடுமுரடா மலைத் தோட்டம் இருக்கு, தினமும் போகணும்னா வாங்குங்க. நான் தடுக்கலை. சும்மா கெத்துக்குன்னா வேண்டாம். கூடுதல் எடை, கூடுதல் பல்சக்கரம், மைலேஜ் குறைவு. தார், ஜிம்னி மாதிரி நாமளே லிவர் போடற வண்டியில, காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீலைப் போட்டு ஓட்டாதீங்க. திரும்பறப்ப முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் போறதில்லை. ரெண்டையும் இறுக்கிக் கட்டிவெச்சா பெட்டிக்குள்ள முறுக்கேறி உடையும். சேறு, சரளை, மணல் வந்தா மட்டும் போடுங்க. தாண்டினதும் எடுத்துடுங்க.

10. ரேஸ் காரைக் காட்டி வாதாடாதீங்க

"ஃபார்முலா கார் எல்லாம் பின்சக்கரம்தானே அக்கா"ன்னு தம்பிங்க கேப்பாங்க. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஓடற ஃபார்முலா எல்ஜிபி வண்டியும் பின்சக்கரம்தான். அதுல ஸ்விஃப்ட் எஞ்சினை முதுகுக்குப் பின்னாடி வெச்சிருப்பாங்க. வெறித்தனமா கிளம்பறப்ப எடை பின்னாடி சாயும், பின்சக்கரம் அழுத்தமா பிடிக்கும். சக்தி ஏற ஏற இந்த லாபம் பெருசாகும். நம்ம குடும்ப வண்டி நூறு குதிரைசக்திக்கு முன்னப் பின்ன. சிக்னல்ல இருந்து நாம அப்படிக் கிளம்பப் போறதும் இல்லை. அந்த அளவுக்கு முன்சக்கரம் தாராளமா தாங்கும்.

11. கரண்ட் வண்டி எடுக்கறவங்களும் கேளுங்க

நெக்ஸான் கரண்ட் வண்டி முன்சக்கரம். மஹிந்திரா பிஇ 6 பின்சக்கரம். ஹாரியர் கரண்ட் வண்டியில பின்சக்கரம் ஒண்ணு, நாலு சக்கரம் ஒண்ணுன்னு ரெண்டு வகை. மோட்டார் சின்னது, எங்க வேணும்னாலும் வைக்கலாம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டே வேண்டாம். அதனாலதான் பின்சக்கர அமைப்பு மறுபடி தலை எடுக்குது. மோட்டார் மிதிச்ச உடனே முழு இழுவையையும் குடுக்கும். முன்சக்கர கரண்ட் வண்டியை ஈரத்துல முரட்டுத்தனமா மிதிச்சா சக்கரம் சுத்தும். மழை நாள்ல ஈகோ மோடுல ஓட்டுங்க.

12. டயர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்

- முன்சக்கர வண்டியில முன் டயர் சீக்கிரம் தேயும். 8,000-லிருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னையும் பின்னையும் மாத்துங்க. அலைன்மென்ட்டும் பாத்துடுங்க.
- ரெண்டு டயர் மட்டும் புதுசா போட்டா, புதுசைப் பின்னாடி போடுங்க. எந்தச் சக்கரம் இழுத்தாலும் இதுதான் சரி. முன்னாடி வழுக்கினா காலை எடுத்துச் சமாளிச்சுக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும். கடையில "முன்னாடிதான் போடணும்"னு சொன்னா, நீங்க உறுதியா நில்லுங்க.
- பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மழைக்காலத்துக்கு முன்னாடியே மாத்துங்க. நல்ல டயர் போட்ட முன்சக்கர வண்டி, மொட்டை டயர் போட்ட ஃபோர் வீலைவிட எவ்வளவோ பாதுகாப்பு.

13. பழைய வண்டி வாங்கறப்ப காதைத் தீட்டுங்க

- முன்சக்கரம்: ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெல்ல வட்டமடிங்க. டக் டக்குன்னு கேட்டா ஆக்சில் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு. குனிஞ்சு பாருங்க, சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கான்னு. பூட்டை அப்பவே மாத்தினா சின்னச் செலவு. விட்டா மண்ணு புகுந்து ஜாயிண்ட்டே போகும்.
- பின்சக்கரம்: கிளம்பறப்ப கடக்குன்னு ஒரு அடி கேட்டா கிராஸ் ஜாயிண்ட். வேகத்துல அடியில அதிர்ந்தா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். பின்னாடி இருந்து ஊய்ங்னு இரைச்சல் வந்தா கிரவுன் பினியன்.
- நாலு சக்கரம்: ஃபோர் வீலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. மண் ரோட்டுல ஓட்டிப் பாருங்க. "அதெல்லாம் நல்லா இருக்கு"ங்கற வாய்ச்சொல்லை வாங்கிக்காதீங்க.

14. நிறுத்தறப்பவும், கட்டி இழுக்கறப்பவும்

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்ல பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன்சக்கர வண்டியைக் கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்தா, முன்னாடி எஞ்சின் பிடிக்கும், பின்னாடி பிரேக் பிடிக்கும். நாலும் பத்திரம். பின்சக்கர வண்டியில ரெண்டும் பின்சக்கரத்தையே பிடிக்கும். முன்னாடி பிடிக்க ஆளில்லை. மேட்டுல நிறுத்தினா கட்டாயம் கல் வைங்க.

வண்டி நின்னு போய்த் தூக்கிட்டுப் போறப்ப, இழுக்கற சக்கரம் தரையில உருளக்கூடாது. முன்சக்கர வண்டின்னா முன்பக்கத்தைத் தூக்கணும். ஃபோர் வீலுக்கும் கரண்ட் வண்டிக்கும் முழுசா மேல ஏத்தற வண்டியைத்தான் கூப்பிடணும். வர்றவங்க அவசரத்துல கொக்கி மாட்டுவாங்க. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க.

15. கடைசியா, டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்ல இருந்து காலி வண்டியில சமவெளியில ஒரு ரவுண்டு அடிச்சுட்டு "சூப்பர் அக்கா"ன்னு வந்து நிக்காதீங்க. காலி வண்டி எல்லாமே சூப்பர்தான். வீட்டு ஆளுங்களை ஏத்துங்க. நீங்க வழக்கமா கொண்டுபோற எடையை டிக்கியில வைங்க. ஒரு ஏத்தம் இருக்கற பாலத்துல நிறுத்திக் கிளப்பிப் பாருங்க. சக்கரம் சுத்துதா, எஞ்சின் திணறுதா, ஸ்டியரிங் இழுக்குதான்னு உங்க கையும் காதுமே சொல்லிடும். விக்கறவங்க "லோடெல்லாம் ஏத்தக் கூடாதுங்க"ன்னு சொன்னா, உங்க பாரத்தோட ஓட்டிப் பாக்கவிடற அடுத்த ஷோரூமுக்குப் போங்க. லட்சக்கணக்குல குடுக்கப் போறது நீங்க. அதுல குழந்தைங்களை உக்கார வெச்சு மழையில மலை இறங்கப் போறதும் நீங்கதான். கூச்சப்படாம கேளுங்க, அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.